பதின்மூன்றாம் இலக்க வீதியும் மைசூர்ப் பருப்பும்

கனடாவில் வாழும் நம்மவர்களிடம் வீதிகளைப் பற்றிக் கேட்டால், ரொறன்ரோவின் 401ஆம் இலக்க நெடுஞ்சாலையைப் பற்றியே பேசத் தொடங்குவார்கள். அதன் நெரிசல், பனிக்கால விபத்துகள், வேலைக்குப் போய்வருவதிலே கரைந்துபோகும் மணித்தியாலங்கள் ஆகியவை புலம்பெயர் வாழ்வின் அன்றாடப் பேச்சு. மேற்கு மாகாணங்களுக்குப் போய்வந்தவர்கள் நாட்டை ஊடறுத்துச் செல்லும் முதலாம் இலக்க ட்ரான்ஸ்-கனடா நெடுஞ்சாலையைக் குறிப்பிடுவார்கள். அதற்குத் தெற்கே, அமெரிக்க எல்லைக்குச் சற்று வடக்கே, சஸ்காச்சுவான் மாகாணத்தின் மேற்கு எல்லையிலிருந்து கிழக்கு எல்லைவரை ஓடுகின்ற 13ஆம் இலக்க வீதியைப் பற்றி எவரும் பேசி நான் கேட்டதில்லை.

அதன் நீளம் 670 கிலோமீற்றருக்கு மேல். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போய், அங்கிருந்து மீண்டும் வவுனியாவைத் தாண்டி வருகின்ற தூரம் அது. பெரும்பகுதி போக ஒன்று, வர ஒன்று என்ற இரு தடங்களே. இருமருங்கும் பிரெய்ரி எனப்படும் சமவெளி. ஒருகாலத்தில் புல்வெளியாக இருந்தது, இப்போது வயல்வெளி.

அந்த வீதிக்கும் நமக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். உறவு நம் அடுக்களையில் இருக்கிறது. இலங்கையில் வரவுசெலவுத் திட்டம் சமர்ப்பிக்கப்படும் நாட்களில் பத்திரிகை அலுவலகங்களில் பாண், சீனி, பால்மா ஆகியவற்றோடு மைசூர்ப் பருப்பின் விலையும் முதற்பக்கத்துக்காகக் காத்திருக்கும். கூடியதா, குறைந்ததா என்பதுதான் செய்தி. எந்த மண்ணில் விளைந்தது என்பது செய்தியில் இடம்பெறுவதில்லை. மைசூர்ப் பருப்பு மைசூரிலிருந்து நமக்கு வருவதில்லை. நாம் உண்பதில் பெரும்பகுதி கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் வருகிறது. கனடாவில் விளைவதில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு சஸ்காச்சுவானில் விளைகிறது. அம்மாகாணத்தின் வரண்ட தென்மேற்கு அதற்குப் பேர்போன நிலம். 13ஆம் இலக்க வீதி அந்த நிலத்தின் ஊடாகவே செல்கிறது.

2019 செப்ரெம்பரில், றெஜைனா நகரில் வேலைபார்க்கும் தங்கையின் மகனோடு அந்த வீதியில் இரண்டு நாட்கள் பயணஞ்செய்தேன். வேபேர்ண் நகரில் ஏறி மேற்கு நோக்கிப் போனோம். ஓகிமா, அசினிபோயா, பொன்ரெக்ஸ், ஷோனவொன், ஈஸ்ட்டென்ட் என்று ஊர்கள் ஒவ்வொன்றாக வந்துபோயின. ஒவ்வோர் ஊருக்கும் முன்னால் வெகுதூரத்தில் ஒரு தானியக் களஞ்சியமோ தண்ணீர்த் தாங்கியோ தெரியும். தெரிந்த பிறகும் அதை அடைய நெடுநேரம் எடுக்கும். அறுவடைக் காலமாதலால் வயல்களில் இயந்திரங்கள் எழுப்பிய தூசி மேகம்போல் நின்றது. எதிரே வந்த ஒவ்வொரு பிக்கப் வாகனக்காரரும் கைச்சக்கரத்திலிருந்து ஒரு விரலை உயர்த்தி வணக்கம் சொன்னார். எவரும் எங்களை அறிந்தவர் அல்லர். ஆயினும் அது அங்கத்தைய முறை.

“மாமா, இஞ்சை நடந்து போற ஒருத்தரையும் காணமாட்டியள்” என்றான் மருமகன். இரண்டு நாட்களும் அவன் சொன்னது பொய்க்கவில்லை.

அந்தச் சமவெளியில் வீதிகள் எல்லாம் அளவுகோல் வைத்துக் கீறியவை போல இருக்கின்றன. நம் ஊர் வீதி ஒரு பனங்கூடலுக்கும் கோயிலுக்கும் குளத்துக்கும் வழிவிட்டு வளையும். அங்கு வீதி முதலில் வந்தது. ஊர் பின்னர் வந்தது. 1872ஆம் ஆண்டின் டொமினியன் காணிச் சட்டத்தின்கீழ், பத்து டொலர் கட்டணம் செலுத்திய குடியேற்றவாசிக்கு 160 ஏக்கர் நிலம் கிடைத்தது. அதற்காக நிலம் முழுவதும் ஒரு மைல் நீளமும் ஒரு மைல் அகலமும் கொண்ட சதுரங்களாக வெட்டப்பட்டது. அத்தகைய 36 சதுரங்கள் சேர்ந்தது ஒரு கூறு. ஒற்றை இலக்கச் சதுரங்களிற் பெரும்பாலானவை ரயில் பாதை அமைக்கும் கம்பனிகளுக்கு; 8உம் 26உம் ஹட்சன்ஸ் பே கம்பனிக்கு; 11உம் 29உம் பாடசாலைகளின் செலவுக்கு; எஞ்சியவை குடியேறுவோருக்கு. சதுரங்களுக்கு இடையே, சஸ்காச்சுவானின் பெரும்பகுதியில் 66 அடி அகலத்தில், வீதிக்கென நிலம் விடப்பட்டது. பூமி உருண்டையானது என்பதை இந்தச் சதுரக் கணக்கால் மறைக்க முடியவில்லை. வடக்கே போகப்போகக் கோடுகள் நெருங்குவதால் 24 மைலுக்கு ஒருமுறை ஒரு திருத்தக் கோடு. அவ்விடத்தில் வடக்குத் தெற்கு வீதிகள் சற்றே விலகி மீண்டும் நேராகின்றன.

இக்கணக்கில், அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு ஓர் இலக்கமும் இல்லை. 1869 ஒக்ரோபர் 11ஆம் திகதி, செவ்வாற்றங்கரையில் நில அளவையாளர்கள் சங்கிலியை இழுத்துச் சென்றபோது, ஐரோப்பியரும் பூர்வகுடியினரும் கலந்து பிறந்த மெற்றிஸ் மக்களின் தலைவர் லூயி றியல் அந்தச் சங்கிலியின்மேல் தம் காலை வைத்து நிறுத்தினார். 1885இல் அவரது இரண்டாவது எழுச்சி ஒடுக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் றெஜைனாவில் தூக்கிலிடப்பட்டார். அதன்பின் நிலமற்றுப்போன மெற்றிஸ் குடும்பங்கள் பல, வேறெங்கும் போக இடமின்றி, வீதிக்கென விடப்பட்ட அந்த 66 அடிக் கீற்றிலேயே குடிசை போட்டு வாழ்ந்தன. வீதியொதுக்கு மக்கள் என்பதே அவர்களின் பெயராயிற்று. காணி வரி செலுத்தாதவர்கள் என்பதால் பிள்ளைகளுக்குப் பாடசாலைக் கதவும் பல இடங்களில் திறக்கவில்லை. சதுரங்கள் எல்லாம் பங்கிடப்பட்ட பின்னர் வீதியே நாடாகிப்போன மக்கள் அவர்கள்.

13ஆம் இலக்க வீதிக்குச் செங்கோட்டுப் பாதை என்று ஒரு பெயர் உண்டு. வழிநெடுகப் பலகைகளில் சிவப்புக் கோட்டணிந்த பொலிஸ்காரர் குதிரைமீது அமர்ந்திருக்கிறார். 1873 யூன் மாதம் சைப்பிரஸ் குன்றுகளில், அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த ஓநாய் வேட்டைக்காரர்களும் சாராய வியாபாரிகளும் நக்கோடா மக்களின் முகாமொன்றைச் சுட்டுக் கொலைக்களமாக்கினர். அதற்கு முன்னரே திட்டமிடப்பட்டிருந்த வடமேற்குப் பொலிஸ் படையின் புறப்பாட்டை இக்கொலைகள் விரைவுபடுத்தின. 1874 யூலை 8ஆம் திகதி ஏறத்தாழ 275 பேர் மனிற்றோபாவிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டனர். தண்ணீரும் தீனியுமின்றிக் குதிரைகள் வழியிலேயே செத்து விழுந்தன. இன்றைய வீதி அவர்கள் சென்ற தடத்தை ஏறக்குறையத் தழுவிச் செல்கிறது.

பலகைகள் கூறாத ஒன்றும் உண்டு. மக்களைக் காக்க வந்ததாகச் சொல்லப்பட்ட ஆட்சி, பத்தாண்டுகள் கழியுமுன், எருமைக் கூட்டங்கள் அழிந்து பட்டினியில் வாடிய அதே பூர்வகுடி மக்களைச் சைப்பிரஸ் குன்றுகளிலிருந்து அகற்ற விரும்பியது. ரயில் பாதை வரவிருந்தது. 1882-83 காலப்பகுதியில் உணவுப் பங்கீட்டை நிறுத்தியே அவர்களை வடக்கேயும் கிழக்கேயும் நகர்த்தியது. உணவை நிறுத்தினால் ஊர் நகரும் என்ற பாடம் நமக்குப் புதியதல்ல. ஆதலால் அந்தக் குன்றுகளை வடக்கே பார்த்தபடி போனபோது, நாங்கள் இருவரும் சிறிது நேரம் பேசவில்லை.

குடியேறியவர்களுக்கும் அந்த மண் இலகுவாக இருந்ததில்லை. 1857 முதல் 1860 வரை அங்கு ஆய்வு நடத்திய ஜோன் பலிசர், இந்த வரண்ட முக்கோணம் பயிர்ச்செய்கைக்கு உதவாது என்று அறிக்கையிட்டார். பின்னர் நல்ல மழை பெய்த ஆண்டுகளில் பார்த்தவர்கள் அவரை மறுத்தனர். மக்கள் வந்து குவிந்தனர். ஈஸ்ட்டென்ட் ஊரில் 1914 முதல் 1920 வரை சிறுவனாக வாழ்ந்தவர் வொலஸ் ஸ்ரெக்னர். பின்னாளில் அமெரிக்காவின் பெரும் எழுத்தாளர்களில் ஒருவரானார். எல்லையோரம் அவருடைய தந்தை எடுத்த காணி வரட்சியில் பொய்த்தது. குடும்பம் ஊரை விட்டது. 1930களின் தூசிப் புயல்கள் மேலும் ஆயிரக்கணக்கானோரை விரட்டின.

இருந்தும் 1936இல் சஸ்காச்சுவானில் 142,000க்கு மேற்பட்ட பண்ணைகள் இருந்தன. 2021ஆம் ஆண்டின் விவசாயக் கணக்கெடுப்பில் இருந்தவை ஏறத்தாழ 34,000. நிலம் குறையவில்லை, விளைச்சல் பன்மடங்கு பெருகியிருக்கிறது. ஆட்கள்தான் இல்லை. ஈஸ்ட்டென்டுக்கு மேற்கே றொப்சார்ட் என்ற ஊரில் பல கட்டடங்கள் வெறுமையாக நிற்கின்றன. வன்னியில் ஆளற்ற ஊர்களைக் கண்டவன் நான். அங்கு சுவர்களில் குண்டு துளைத்த அடையாளம் இருக்கும். றொப்சார்ட்டின் சுவர்களில் காற்று மட்டுமே பட்டிருக்கிறது. ஒரு துப்பாக்கியும் வெடிக்காமல் ஓர் ஊர் இப்படி வெறுமையாகலாம் என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

அதற்கான காரணங்களில் ஒன்றை அந்த வீதியின் தார் சொல்லும். குதிரை வண்டியில் தானியம் ஏற்றிச்சென்று ஒரே நாளில் திரும்பக்கூடிய தூரத்தைக் கணக்கிட்டு, எட்டுப் பத்து மைலுக்கு ஒன்றாக ரயில் பாதையோரம் மரத்தாலான தானியக் களஞ்சியங்கள் எழுந்தன. 1930களில் பிரெய்ரி மாகாணங்களில் அவை 5,700ஐத் தாண்டின. ஒவ்வொரு களஞ்சியத்தின் நிழலிலும் ஒரு கடை, ஒரு தபாற்கந்தோர், ஒரு பாடசாலை. 1897இல் கனேடிய பசுபிக் ரயில்வேயுடன் செய்துகொண்ட உடன்படிக்கை தானியத்தை ஏற்றும் கூலியைத் தாழ்வாகக் கட்டிவைத்திருந்தது. 1980களில் அதன் இடத்தை அரச மானியம் எடுத்தது. 1995இல் அந்த மானியமும் ஒழிந்தது. இலாபமற்ற கிளை ரயில் பாதைகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. மரக் களஞ்சியங்கள் இடிக்கப்பட்டன. அவற்றுக்குப் பதிலாக நெடுந்தூரத்துக்கு ஒன்றாகப் பெரிய கொங்கிறீற் களஞ்சியங்கள் எழுந்தன.

அதுவரை ரயில் சுமந்ததை இனி வீதி சுமக்க வேண்டும். ஆனால் சஸ்காச்சுவானின் கிராமப்புற வீதிகளிற் பல அதற்காக அமைக்கப்பட்டவை அல்ல. தூசி எழாதிருக்க மண்ணின்மேல் மெல்லிய தார்ப் படலம் மட்டும் பூசிய வீதிகள் அவை. அவற்றின்மேல் 60 தொன்னையும் தாண்டும் இரட்டைத் தொடர் லொறிகள் ஓடினால் என்னவாகும்? தார் உரிந்தது, குழிகள் விழுந்தன. சில இடங்களில் மாகாண அரசு தாரையே அகற்றிவிட்டுப் பழையபடி சரளைக் கல்லைப் பரப்பியது. வடக்கே லீடர் என்ற ஊரின் மக்கள், 2000களின் நடுப்பகுதியில், 32ஆம் இலக்க வீதியின் குழிகளில் ஆடையின்றி நின்றும் அமர்ந்தும் படமெடுத்து நாட்காட்டியாக வெளியிட்டார்கள். அமைச்சர்களின் கண்ணைத் திறக்க மனுவைவிட அது வலிதென்று கருதினார்கள் போலும். 13ஆம் இலக்க வீதிப் பகுதியினர் வேறொரு வழி கண்டனர். ஷோனவொன்னைத் தலைமையிடமாகக் கொண்டு 2000இல் தொடங்கிய கிரேட் வெஸ்ரேண் என்ற சிறு ரயில் சேவையை, 2004இல் அப்பகுதி விவசாயிகளும் உள்ளூராட்சி மன்றங்களும் பணம் சேர்த்துத் தாமே வாங்கிவிட்டனர்.

பருப்பு வந்த கதையும் இந்தக் காலத்துக்கு உரியதே. 1970க்கு முன்னர் அங்கு கோதுமையே அரசன். ஈரத்தைச் சேமிப்பதற்காக நிலத்தில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் தரிசாக விடுவார்கள். சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தில் 1971இல் பயிர் அபிவிருத்தி நிலையம் உருவானது. 1972இல் அங்கு பணிக்குச் சேர்ந்த அல்ஃபிரெட் ஸ்லிங்கார்ட் என்ற ஆய்வாளர், குறைந்த நீரில் வளர்ந்து காற்றின் நைதரசனை மண்ணுக்குச் சேர்க்கின்ற பருப்புப் பயிரைத் தரிசு நிலத்துக்கு மாற்றாகப் பரிந்துரைத்தார். அவர் 1978இல் வெளியிட்ட இனத்துக்கு லெயாட் என்று பெயர். பச்சைப் பருப்பில் தொடங்கி, பின்னர் நாம் உண்ணும் சிவப்புப் பருப்பும் வந்தது. பருப்பை வீட்டில் சமைத்தறியாத விவசாயிகள், கொழும்பிலும் இஸ்தான்புல்லிலும் டாக்காவிலும் உலை ஏறும் பருப்பை விளைவிக்கத் தொடங்கினார்கள். 2021இல் பிரெய்ரியைக் கடும் வரட்சி தாக்கியபோது கனடாவின் பருப்பு விளைச்சல் பெருமளவு வீழ்ந்தது. அடுத்த ஆண்டு நம் ரூபாயும் சரிந்தது. 2022இல் கொழும்பில் பருப்பு விலை எகிறியதற்கு டொலர்த் தட்டுப்பாடு பெருங்காரணம் என்பதை அறிவோம். பெய்யாத மழையொன்றுக்கும் அதில் பங்கிருந்தது.

ஆக, பண்டம் போகிறது. உலகெங்கும் போகிறது. மனிதர் போவது எப்படி?

நாங்கள் ஏறிய வேபேர்ண் நகரில்தான் 1930இல் ரொமி டக்ளஸ் என்ற இளம் பப்ரிஸ்ற் போதகர் பணிக்கு வந்தார். வரட்சியும் வறுமையும் அவரை அரசியலுக்கு இழுத்தன. 1944இல் மாகாண முதல்வரானார். 1946இல் அவருடைய அரசு சஸ்காச்சுவான் போக்குவரத்துக் கம்பனி என்ற பொதுத்துறை பஸ் சேவையைத் தொடங்கியது. 1947இல் எல்லோருக்குமான வைத்தியசாலைக் காப்புறுதி வந்தது. 1962இல் அவர் வகுத்த பாதையில் பொது மருத்துவக் காப்புறுதி வந்து, பின்னர் அதுவே கனடா முழுவதற்கும் முன்மாதிரியாயிற்று. ரொறன்ரோவில் நம் முதியவர்கள் பணம் கட்டாமல் வைத்தியரைக் காணுகிறார்களே, அதன் வேர் இந்த வீதியோரத்தில் இருக்கிறது.

பஸ்ஸும் மருத்துவமும் அடுத்தடுத்து வந்தது தற்செயல் அல்ல என்றே நான் நினைக்கிறேன். சிகிச்சை இலவசமாக இருந்தாலும் வைத்தியரிடம் போகும் வழி இல்லாவிட்டால் அது யாருக்கு இலவசம்? 1993இல் மாகாணத்தின் 52 கிராமப்புற வைத்தியசாலைகள் மூடப்பட்டன அல்லது வேறு நிலையங்களாக மாற்றப்பட்டன. ஊரில் வைத்தியசாலை இல்லாதபோது பஸ் இன்னும் அவசியமாயிற்று. நோயாளரையும் ஆய்வுகூட மாதிரிகளையும் உழவு இயந்திர உதிரிப்பாகங்களையும் அந்தப் பஸ்களே கொண்டுசென்றன. 2017 மே 31ஆம் திகதி அச்சேவையும் நிறுத்தப்பட்டது. பயணிகள் குறைந்துவிட்டனர், அடுத்த ஐந்தாண்டுகளுக்கு 8 கோடி 50 இலட்சம் டொலர் மானியம் தேவைப்படும் என்பது அரசின் வாதம். கணக்கு பொய்யல்ல. 250 ஊர்களுக்கு மேல் அந்தச் சேவையை இழந்தன. 2018 ஒக்ரோபர் இறுதியில் கிரேஹவுண்ட் நிறுவனமும் மேற்குக் கனடாவில் தன் பஸ்களை நிறுத்திக்கொண்டது.

வழியில் ஒரு சிற்றூரின் கோப்பிக் கடையில், எண்பதைத் தாண்டிய ஓர் அம்மையார் எங்களோடு பேசிக்கொண்டிருந்தார். பார்வை மங்கியதால் சாரதி அனுமதிப்பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். கண் வைத்தியர் இருப்பது றெஜைனாவில். அயலவர் ஒருவர் அழைத்துச் செல்கிறார், நல்ல மனிதர், பெற்றோல் காசும் வாங்க மறுக்கிறார். ஆனால் அறுவடைக் காலத்தில் அவரைக் கேட்க மனம் வருவதில்லை என்றார். “முன்பு நான் எவரையும் கேட்கவேண்டி இருந்ததில்லை.” முறைப்பாடாக அவர் அதைச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மருமகனிடம் அவன் வேலையைப் பற்றி விசாரித்தார்.

ஏ9 வீதி 2006 ஓகஸ்டில் மூடப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் நாம் பட்டது உலகறிந்தது. அந்த வீதியில் தடைமுகாம் இருந்தது, துவக்கு இருந்தது, மூடப்பட்ட திகதியும் இருந்தது. ஆகையால் அது செய்தியாயிற்று. 13ஆம் இலக்க வீதி ஒருநாளும் மூடப்படவில்லை. பனி அகற்றப்படுகிறது, குழி நிரப்பப்படுகிறது, லொறிகள் இரவு பகலாக ஓடுகின்றன. வாகனம் ஓட்ட முடியாத ஒருவருக்கு மட்டும் அது மூடிய வீதி. இதற்குத் தலைப்புச் செய்தி கிடையாது.

நம் இலங்கைப் போக்குவரத்துச் சபை 1958இல் உருவானது. அதன் பழைய சிவப்பு பஸ்ஸைக் கேலி செய்யாத தமிழன் இல்லை. நேரத்துக்கு வராது, வந்தாலும் நிற்காது, நட்டத்தில் ஓடுகிறது என்பதெல்லாம் உண்மையே. இருந்தாலும் நெடுந்தீவின் உள்ளேயும் வன்னியின் ஓரங்களிலும், காலையில் பத்துப் பேரையும் மாலையில் பன்னிரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு அது ஓடுகிறது. அந்தப் பத்துப் பேரில் ஒருவராவது ஆஸ்பத்திரிக் கொப்பி வைத்திருப்பார். நட்டக் கணக்கு எழுதுகின்ற பேனா அந்தக் கொப்பியை ஒரு வரியிலாவது குறித்துக்கொள்ள வேண்டும்.

வீதி அபிவிருத்தி என்ற சொல் இன்று நம் நாட்டில் அதிகம் புழங்குகிறது. எத்தனை கிலோமீற்றர் காப்பெற் போடப்பட்டது என்று மேடைகளில் கணக்குச் சொல்கிறார்கள். எவ்வளவு பண்டம் போகிறது என்பதும் கணக்கில் வரும். அந்த வீதியோரம் தனித்து வாழும் ஒரு முதியவர், எவரையும் கெஞ்சாமல், வைத்தியரைக் கண்டு அன்று மாலையே வீடு திரும்ப முடிகிறதா என்ற கேள்வியை நான் எந்த மேடையிலும் இதுவரை கேட்கவில்லை. செல்வத்திலும் ஒழுங்கிலும் நம்மைவிடப் பன்மடங்கு முன்னேறிய ஒரு நாடே அந்தக் கேள்வியை 2017இல் கைவிட்டது. நாம் அதைக் கைவிடாதிருக்க இன்னும் காலம் இருக்கிறது.